டயர் விளக்கு எரிந்ததும் சென்சாரை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

பிக்கப் வைத்திருப்பவர்கள், அதிலும் வண்டி வாங்கி ஐந்தாறு வருடம் ஆனவர்கள், இதை நிதானமாகப் படியுங்கள். சக்கரத்துக்குள் இருந்து டயரின் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார், மாற்றவே மாற்றாத அப்படி நான்குக்குப் போன மாதம் நான் பணம் கட்டிவிட்டு வந்தேன்.

நல்ல குளிர் இருந்த ஒரு காலையில் வண்டியை எடுத்ததும் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. லாடம் போல ஒரு வளைவு, நடுவே ஆச்சரியக்குறி. என் வண்டியில் ஒவ்வொரு சக்கரத்தின் காற்றழுத்தமும் திரையில் எண்ணாகத் தெரியும். 33, 33, 32, வலது பின்சக்கரம் மட்டும் 25. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் நான்குக்கும் 35 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது. திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, போகிற வழியில் இருந்த ஒரு டயர் கடையில் நிறுத்தினேன்.

வந்தவர் காற்று அளக்கும் கேஜை எடுக்கவே இல்லை. டயரைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். “காத்து கரெக்டா இருக்கு சார். சென்சார்தான் போயிடுச்சு, அதான் தப்பா காட்டுது. ஒண்ணு போனா மத்ததும் வரிசையா போகும், எல்லாம் ஒரே வயசு. நாலையும் மாத்திடுங்க” என்றார்.

இதில் பாதி உண்மை. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது. அது பொதுவாக 5 முதல் 10 வருடம் வரும். என் வண்டிக்கு ஆறு வருடம். அதனால் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

முன்னறையில் உட்காரச் சொன்னார்கள். அரை மணி நேரத்தில் சாவியைக் கொடுத்தார்கள். விளக்கு அணைந்திருந்தது. பில்லில் நான்கு சென்சார், புரோகிராமிங், கழற்றி மாட்டிய கூலி. இரண்டு புது டயர் வாங்கியிருக்கலாம், அவ்வளவு தொகை. பழைய சென்சார்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

வீடு திரும்பும்போது பின்பக்கம் சின்னப் பள்ளத்துக்கெல்லாம் துள்ளியது. திரையைப் பார்த்தால் நான்கிலும் 50. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அது. அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அழுத்தம், நாம் அடிக்க வேண்டிய அளவு அல்ல. சுமை இல்லாத பிக்கப்பில் அவ்வளவு அடித்தால் டயரின் நடுப்பகுதிதான் அதிகம் தரையில் பதியும், பிரேக் பிடிமானம் குறையும். மறுநாள் காலை, டயர் ஆறியிருக்கும்போது, நானே 35க்கு இறக்கினேன். ஆறாவது நாள் அதே விளக்கு. அதே வலது பின்சக்கரம், 26.

இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் கேட்ட கேள்வி: “அண்ணே, ஸ்டார்ட் பண்ணதும் விளக்கு மினுக்குதா, இல்ல நேரா நின்னு எரியுதா?”

என் மாதிரியான வண்டிகளுக்கு எல்லாமே இந்தக் கேள்வியில் இருக்கிறது. வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், சென்சாரிலோ அதன் அமைப்பிலோ கோளாறு. மினுக்காமல் நேராக எரிந்தால் காற்று குறைந்திருக்கிறது. எனக்கு இரண்டு தடவையும் நேராகத்தான் எரிந்தது. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். “பேட்டரி செத்த சென்சார் எப்படி அண்ணே நம்பர் அனுப்பும்?” என்றார். நான்கு சக்கரத்திலிருந்தும் அன்று காலை எண் வந்திருக்கிறது.

குளிருக்கும் ஒரு கணக்கு சொன்னார். வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். அதனால் 33 குளிரால் வந்தது. 25 குளிரால் வராது, அங்கே எங்கோ கசிகிறது.

அப்புறம் சோப்புத் தண்ணீரை வால்வில், ரிம்மின் ஓரத்தில், தரையில் படும் ரப்பர் கட்டிகளில் (பட்டன்) ஒவ்வொன்றாக எல்லா இடத்திலும் தெளித்தார். முதலில் ஒன்றுமில்லை. வண்டியை அரைச் சுற்று நகர்த்தி மறுபடி தெளித்தபோது, இரண்டு பட்டனுக்கு நடுவில் கடுகளவு குமிழி ஒன்று எழும்பியது, உடைந்தது, அதே இடத்தில் மறுபடி எழும்பியது. விரலால் துடைத்துப் பார்த்தால் தேய்ந்து மழுங்கிய ஓர் ஆணித்தலை, ரப்பர் நிறத்திலேயே.

உள்பக்கம் பேட்ச் போட டயரைக் கழற்றினார். அப்போதுதான் வயிறு எரிந்தது. உள்ளே இருந்த சென்சார் முழுக்கக் கறுப்பு ரப்பர் தூள். அதன் அலுமினிய வால்வுத் தண்டில் வருடக்கணக்கான வெள்ளைப் பூப்பு. மற்ற மூன்று சக்கரத்தின் வால்விலும் அதே பூப்பு. வீல் நட்டுகளில் பழைய சேறு காய்ந்தபடியே இருந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளம்கூட இல்லை. டயரைக் கழற்றிச் சென்சார் மாற்றினால் வீலை மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். புது எடை ஒன்றுகூட ஒட்டியிருக்கவில்லை. அன்று அவர்கள் செய்தது காற்றடித்தது மட்டும்தான். அழுத்தம் ஏறியதும் விளக்கு தானே அணைந்திருக்கிறது.

அதனால் சொல்கிறேன். சென்சார் போய்விட்டது என்று யாராவது சொன்னால், டயரைக் கழற்றும் முன் ஸ்கேனரை வால்வுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு சென்சாரின் அடையாள எண்ணையும் படிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பழைய எண்ணையே புதியதில் நகல் எடுத்துப் போடாத வரை, எண் மாறவில்லை என்றால் சென்சாரும் மாறவில்லை. பழையதைக் கையில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். இன்னொன்று, சக்கரத்துக்குள் சென்சாரே இல்லாத வண்டிகளும் உண்டு. அவை ஏபிஎஸ் பிரேக் அமைப்பின் மூலம் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும், காற்றடித்தபின் ரீசெட் செய்தால் போதும். உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு போங்கள். முன்பின் டயர்களை இடம் மாற்றியபின் எந்தச் சென்சார் எங்கே என்று மறுபதிவு செய்யாவிட்டால், பல வண்டிகளில் திரை வேறு சக்கரத்தைக் காட்டும். அதையும் சென்சார் கோளாறு என்று விற்பார்கள்.

படங்களோடும் பில்லோடும் முதல் கடைக்குத் திரும்பப் போனேன். வேலை செய்தவர் வெளியே வரவில்லை. முதலாளி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பேசவில்லை, சென்சாருக்கான தொகையை மட்டும் எண்ணிக் கொடுத்தார். கூலியும் புரோகிராமிங் பணமும் வரவில்லை. எழுத்தில் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதே ஆறு வருடச் சென்சார்கள் இன்று காலையும் நான்கு எண்ணையும் காட்டின: 35, 35, 34, 35.