இல்லம் தேடிக் கல்வியா, டியூஷனா? இரண்டுக்கும் பிள்ளையை அனுப்பிப் பார்த்தவரின் ரிவியூ

காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் ரிவியூ எழுத வேண்டும் என்று இல்லையே, இலவசமாகக் கிடைத்ததற்கும் எழுதலாம். என் சின்னவள் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி மையத்துக்குப் போனாள், பெரியவன் அதே சமயத்தில் பக்கத்துத் தெருவில் மாதம் 600 ரூபாய் டியூஷனுக்குப் போனான். இரண்டையும் ஒரே வீட்டிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காசு கொடுக்காத இடத்தில்தான் பிள்ளை படித்தது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இந்தத் திட்டத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். ஊரிலேயே இருக்கும் படித்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், தன்னார்வலராகச் சேர்ந்து சாயங்காலம் 5 மணிக்கு மேல் 7 மணிக்குள் சொல்லித்தருவார்கள். ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாத ஊக்கத்தொகை அப்போது 1,000 ரூபாய். தனிக் கட்டடமெல்லாம் கிடையாது. திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், எது கிடைக்கிறதோ அது.

டியூஷனில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஹோம்வொர்க்கை முடிக்க வைப்பார்கள், கைடைப் பார்த்துக் கேள்வி பதிலை எழுத வைப்பார்கள், பரீட்சை சமயத்தில் ஒப்பிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான், நோட்டு நிறைந்துவிடும், நமக்கும் காசுக்கு ஏதோ நடக்கிறது என்று திருப்தி. பிள்ளைக்கு அடிப்படை தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

சின்னவள் அப்போது மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு வகுப்புகளில் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்ததே கொஞ்சம்தான், எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வாள், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வந்தால் திணறுவாள். மையத்து அக்கா (பிள்ளைகள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மிஸ் இல்லை) மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்கவே இல்லை. பாட்டு, கதை, பொம்மை, செய்தித்தாளில் தெரிந்த சொல்லைத் தேடி வட்டம் போடுவது என்று ஆரம்பித்தார். கடன் வாங்கிக் கழித்தலைப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்துப் பிரித்துக் காட்டினார். ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஒன்றின் இடத்துக்குப் பத்து வரும் என்று கையால் செய்து பார்த்த பிள்ளைக்கு அப்புறம் அது மறக்கவில்லை. பெரியவனோ அதே கணக்கை மேலே ஒரு கோடு அடித்து ஒன்று போடணும் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தான், ஏன் என்று கேட்டால் விழித்தான்.

என் பிள்ளை ஒருத்தியை வைத்து மட்டும் சொல்லவில்லை. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்து ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். பள்ளி மூடியிருந்தபோது இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்திலேயே திரும்பிவிட்டது என்கிறார்கள். அந்த மீட்பில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது. மிச்சத்தில் பள்ளி வாத்தியார்கள் உழைப்பும் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று, இதைப் பெற்றோர் யாரும் வெளியே சொல்வதில்லை: வேலை முடிந்து நான் வீடு வர ஏழாகும். அதுவரை பிள்ளை செல்போனோடு தனியாக இல்லாமல், நம் தெருவிலேயே, தெரிந்த ஒரு பெண்ணின் கண் பார்வையில் இருக்கிறாள் என்பதே எனக்குப் பாதி நிம்மதி.

குறை இல்லாமல் இல்லை. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகளை ஒருவரே ஒன்றாக உட்காரவைத்துச் சமாளிப்பது கஷ்டம், பெரிய பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிடும். திண்ணையில் நடக்கும் வகுப்புக்கு மழை வந்தால் அன்று லீவுதான். முக்கியமாக, தினமும் சாயங்காலத்தை ஒதுக்கித் தருபவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது என் கணக்கில் ரொம்பக் குறைவு; டிகிரி முடித்த பெண் வேறு வேலை கிடைத்தால் போகத்தான் செய்வார், மையத்தின் தரம் முழுக்க அந்த ஒருவர் கையில்தான் இருக்கிறது.

அதனால் ஐந்துக்கு நாலு ஸ்டார். உங்கள் பகுதியில் மையம் நடக்கிறதா என்று அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். காசு கொடுத்துத்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றாலும் சரி, முதலில் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக உட்கார்ந்து, பிள்ளைகள் பேசுகிறார்களா, இல்லை குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். திண்ணை மையம் என்றால் போகும்போது ஒரு கொசுவர்த்திப் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.