ஒரே பெயர், இரண்டு தட்டுகள்: மேற்கத்திய பேலியோவும் நம்மூர் பேலியோவும்

பேலியோ தொடங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எந்தப் பேலியோ?" என்றுதான். கற்கால மனிதன் சாப்பிட்டதைப் போலச் சாப்பிடுவது என்ற எண்ணத்தில் பிறந்த அந்தப் பெயரில் இரண்டு உணவுமுறைகள் புழங்குகின்றன. ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லோரன் கார்டெய்ன் 2002-இல் எழுதிய நூலால் பரவியது. இன்னொன்று, நியாண்டர் செல்வன் தன் ஃபேஸ்புக் குழு வழியாகத் தமிழர்களிடம் கொண்டுசேர்த்தது.

ஒத்துப்போகும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு, பருப்பு, சர்க்கரை, ரீஃபைண்டு எண்ணெய், பாக்கெட் தீனி எதுவும் இரண்டிலும் கிடையாது. நிலக்கடலையும் பருப்பினம் என்பதால் ஆகாது. முட்டை, மீன், கறி, கீரை, வெண்டை, சுரை, புடலை எல்லாம் இரண்டிலும் உண்டு. சண்டையே இதற்கு அப்புறம்தான்.

பெரிய சண்டை பாலில். கற்கால மனிதன் மாடு வளர்க்கவில்லை, ஆகவே பால், தயிர், வெண்ணெய், சீஸ் எல்லாம் வேண்டாம் என்கிறார் கார்டெய்ன். நம்மூர் பேலியோவோ பட்டர் டீ, நெய், பனீர் ஆகியவற்றின் மேல்தான் நிற்கிறது. நெய்யில் பால் சர்க்கரையும் பால் புரதமும் அநேகமாக இல்லை. அதனால் மேற்கிலும் பலர் நெய்யை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். பனீர் அப்படியில்லை, அது பால் புரதமேதான். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மேற்கத்திய பட்டியல் நல்லது. மற்றவர்களுக்கு, அதிலும் முட்டைகூடத் தொடாத சைவர்களுக்கு, நான் நம்மூர் முறையைத்தான் சொல்வேன். பருப்பையும் எடுத்துவிட்டுப் பனீரையும் எடுத்துவிட்டால் அவர்கள் புரதத்துக்கு எங்கே போவார்கள்? 100 கிராம் பனீரில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் இருக்கிறது, கூடவே கால்சியமும் கிடைக்கிறது.

அடுத்தது பழம். மேற்கத்திய முறையில் வாழைப்பழம், மாம்பழம் சாப்பிடலாம், தேன்கூடக் கொஞ்சம் உண்டு. உருளைக்கிழங்கை ஒதுக்கினாலும் சர்க்கரைவள்ளியைப் பலர் விட்டுவைக்கிறார்கள். நம்மூர் முறை கிராம் கணக்குப் பார்க்கிறது: நாளுக்கு மாவுச்சத்து 40, 50 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்திலேயே சுமார் 25 கிராம் வந்துவிடும். அதனால் தேங்காய், அவகாடோ, எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யாக்காயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முந்திரிக்குப் பதில் பாதாம் என்பதற்கும் இதே கணக்குதான். 100 கிராம் முந்திரியில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து. பாதாமில் 22 கிராம், அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து.

உப்பிலும் வேறுபாடு உண்டு. கார்டெய்ன் குறைக்கச் சொல்கிறார். மாவுச்சத்தை வெட்டும்போது சிறுநீரில் சோடியம் கூடுதலாக வெளியேறும் என்பதால் நம்மூர் முறையில் உப்புக்குத் தடையில்லை. முதல் வாரத்துத் தலைவலி, அசதி பலருக்கு இந்த உப்பு இழப்பால்தான் வருகிறது.

ஆக, ஒருவர் "முன்னோர் இதைச் சாப்பிட்டார்களா?" என்று கேட்கிறார், இன்னொருவர் "இதில் எத்தனை கிராம்?" என்று கேட்கிறார். எனக்கு இரண்டாவது கேள்விமேல்தான் நம்பிக்கை. முதல் கேள்விக்கான பதில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜோர்டானின் ஷுபைக்காவில் 14,400 ஆண்டுகள் பழைய, கருகிய ரொட்டித் துணுக்குகள் கிடைத்ததாக 2018-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அங்கே விவசாயம் வருவதற்கு சுமார் 4,000 ஆண்டுகள் முன்னால்! கிராம் கணக்கு அப்படியில்லை, சரியா தப்பா என்று நம் ரத்தப் பரிசோதனையே சொல்லிவிடும்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, இரண்டையும் கலப்பது. காலையில் வாழைப்பழமும் பேரீச்சையும் அடித்த ஸ்மூத்தி, பதினோரு மணிக்குப் பட்டர் டீ, சாயங்காலம் நெய்யில் வறுத்த பாதாம். மாவுச்சத்தும் ஏறுகிறது, கொழுப்பும் ஏறுகிறது. எடை குறையவில்லையே என்று வருந்துவார்கள். எப்படிக் குறையும்?

சர்க்கரை நோய் இல்லை, பாக்கெட் தீனியை விட்டால் போதும், உடற்பயிற்சியும் செய்கிறேன் என்பவர்களுக்குப் பழங்களோடு கூடிய மேற்கத்திய பட்டியல் நன்றாகவே பொருந்தும். தொப்பையும் டைப் 2 சர்க்கரையும் உள்ளவர்களுக்கு நம்மூர் முறை பொருத்தம். ஆனால் சிலருக்கு இதில் கெட்ட கொழுப்பு கணிசமாக ஏறும், மூன்று மாதத்தில் பரிசோதித்தே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாகத் தொடங்கவே கூடாது. டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும்.

எங்கள் அப்பா சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரிடம் சொல்லாமலே சோற்றை நிறுத்தினோம். மூன்றாம் நாள் பகலில் வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை 58. அவசரமாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு ஓடினோம். "சோறு குறைந்தால் மாத்திரையும் குறைய வேண்டாமா?" என்று டாக்டர் கேட்டார். அளவைக் குறைத்து எழுதித் தந்தார், தினம் இரண்டு வேளை சர்க்கரை பார்த்துக் குறித்துவைக்கச் சொன்னார். அப்புறம்தான் அப்பா மறுபடி தொடங்கினார், அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.