உறைபனியில் மிதவைச் செடிகள்: தேவிகுளத்துக் கொல்லைக் குளத்தில் எது பலன் தந்தது?

வாட்டர் லெட்யூஸ் எனும் ஆகாயத்தாமரைக்குக் குளிர்காலப் பராமரிப்பு என்று சொன்னால் போடியில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். "தூக்கிப் போட்டா தானா வளரப்போகுது, அதுக்குப் போய் இவ்வளவா?" அவர்கள் ஊருக்கு அது சரி. போடிமெட்டு ஏறி இங்கே வந்தால் கதை வேறு. மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் தேவிகுளம் சுமார் 1,800 மீட்டர் உயரம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை, மேகமும் காற்றும் இல்லாத இரவு வாய்த்தால் விடியும்போது புல்தரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கும். தேயிலைக் கொழுந்தையே கருக்கிவிடுகிற பனி அது.

என் குளம் 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம். குழி வெட்டி சில்பாலின் ஷீட் விரித்தது, ஏறக்குறைய 3,400 லிட்டர் பிடிக்கும். உள்ளே தங்கமீன்கள் இருக்கின்றன. கப்பி மீன் இந்தக் குளிருக்குத் தாங்காது, அதனால் விடவில்லை. மேலே ஆகாயத்தாமரை, கொஞ்சம் வெங்காயத்தாமரை, ஒரு மூலையில் மூங்கில் சட்டத்துக்குள் கோழிக்காக அசோலா. பல குளிர்காலமாக இதே கூட்டணிதான்.

முதலில் ஒரு விஷயம். இங்கே செடியைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீரின் குளிர் இல்லை, இலைமேல் விழும் பனி. இவ்வளவு தண்ணீர் ஒரே இரவில் ஆறிவிடாது. ஆனால் இலை தன் சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும்போதே இலை விளிம்பில் பனி உறைந்திருப்பதைப் பார்க்கலாம். குளம் பள்ளத்தில் இருந்தால் இன்னும் மோசம், சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று அங்கேதான் தேங்கும். ஆக, செடிக்கு முதலில் வேண்டியது கூரை. சூடு ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

பி.வி.சி. பைப்பை வளைத்து, தண்ணீருக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டுக் கூரை போட்டேன். கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிதீன் ஷீட்டைவிட 75 சதவீத நிழல்வலையை இரண்டாக மடித்து, அதன்மேல் பழைய சாக்கு விரிப்பதுதான் நன்றாகப் பலன் தந்தது. மெல்லிய பாலிதீன் ஓரளவுதான் சூட்டைத் தடுக்கும். தொய்ந்து இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். ஊட்டிப் பக்கம் இளம் தேயிலையைத் தாகைத் தழையால் மூடுவதும் இதே கணக்குதான். சாயங்காலம் வெயில் இறங்கியதும் மூடிவிட வேண்டும். காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் திறக்காதீர்கள், பனி பட்ட இலையில் சட்டென்று வெயில் விழுந்தால் வாடிவிடும். மேகம் மூடிய இரவுகளில் மூடவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுச் சேச்சிக்குச் சொந்த ஊர், வாய்க்கால்கள் நிறைந்த குட்டநாடு. முதல் தடவை சாக்கு விரிப்பதைப் பார்த்து வேலியோரம் நின்று கேட்டார்: "எங்க ஊர்ல இதை வாரிக் கரையில போடக் கூலி கொடுக்கிறோம். நீங்க போர்வை போத்தி விடுறீங்களே சேட்டா?" பதில் சொல்லத் தெரியவில்லை, சிரித்துவைத்தேன்.

கூரை போட்டும் ஆகாயத்தாமரை முழுசாகத் தப்பாது. தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போய் வாரக்கணக்கில் அப்படியே நின்றால் வளர்ச்சி நின்றுவிடும். பெரிய செடிகள் வெளியிலிருந்து மஞ்சளாகி அழுகத் தொடங்கும். அதனால் நவம்பர் கடைசியிலேயே கொஞ்சத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். இங்கேதான் பலரும் தேடிப்பிடித்துப் பெரிய, அழகான செடியாக எடுக்கிறார்கள். வேண்டாம். தாய்ச்செடியின் கொடி நுனியில் தொங்கும், ஐம்பது பைசா நாணயத்தைவிடச் சற்றே பெரிய குட்டிகளை எடுங்கள். புது இடத்துக்கு அவைதான் பழகும். பெரியது உள்ளே வந்ததும் இலையை ஒவ்வொன்றாக உதிர்த்து, தண்ணீரையும் கெடுத்துவிடும்.

உள்ளே ஒரு 40 லிட்டர் டப், அதில் குளத்துத் தண்ணீரே. மீன்தொட்டிக்கு விற்கும் 50 வாட் ஹீட்டரை 22 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஒரு அடி உயரத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டி விளக்கு, தினம் 12 மணி நேரம். விளக்குக்கு மட்டும் மாதம் ஏழு யூனிட் சொச்சம்தான் ஆகிறது. ஜன்னலோர வெளிச்சமே போதும் என்று சொல்வார்கள், மலைக்காட்டு ஜனவரிக்கு அது போதாது. டப்பை மூடிவைக்கவும் கூடாது. மூடியில் திரளும் நீர்த்துளி குருத்தில் சொட்டிச் சொட்டி அழுகிவிடும்.

ஹீட்டரைக் குளத்திலேயே போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 100 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட். அந்தச் சூட்டில் ஒரு துளிகூட வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 3,400 லிட்டர் தண்ணீர் அரை டிகிரிக்குச் சற்று மேலேதான் ஏறும். காசைக் கரைப்பதுதான் மிச்சம்.

வீட்டுக்குள் வரும் பெரிய தொல்லை அசுவினிப் பூச்சி. வெளியே மழையும் மீனும் பார்த்துக்கொள்ளும், உள்ளே கேட்க ஆளில்லை. இலையைத் திருப்பினால் அந்த மெல்லிய வெள்ளை ரோமத்துக்கு நடுவே கடுகைவிடச் சின்னதாய்க் கருமையாக அப்பியிருக்கும். தட்டினால் தண்ணீர்மேல் விழும், மூழ்காமல் மிதந்து மறுபடி இலைக்கே ஏறிவிடும். மருந்து எதுவும் அடிக்க வேண்டாம். செடிகளை ஒரு வலைக்கூடையால் அமுக்கி இரண்டு மணி நேரம் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, மேலே மிதக்கும் பூச்சியை வழித்துத் தங்கமீனுக்குக் கொட்டுங்கள். நாலைந்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை.

வெங்காயத்தாமரையை நான் உள்ளே கொண்டுவருவதே இல்லை. மேலே இலையெல்லாம் பழுப்புக் காகிதமாகிவிட்டாலும் தண்ணீருக்குள் இருக்கும் தண்டுக்குப் பெரும்பாலும் உயிர் இருக்கும். கருகிய இலையை வெட்டிவிட்டு, வேர் கிளம்பும் இடத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெளிர்பச்சையாக இருந்தால் விட்டுவிடலாம், மார்ச்சில் துளிர்க்கும். கொழகொழவென்று நாறினால் அன்றைக்கே எருக்குழிக்குப் போக வேண்டும். அழுகுகிற செடி தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும், பாதிப்பு மீனுக்குத்தான்.

அசோலா குளிரில் செங்கல் நிறத்துக்கு மாறும். பயப்பட வேண்டாம், சாவதில்லை, பெருகுவதுதான் மெதுவாகிறது. அந்த இரண்டு மாதம் கோழிக்கு வாரிப்போடுவதைப் பாதியாகக் குறைத்தால் போதும்.

சொல்லப்போனால் ஆகாயத்தாமரைக்குப் பனியைவிட ஜூலை மழைதான் எமன் என்று சில வருடம் தோன்றும். வெயிலே இல்லாமல் வாரக்கணக்கில் அடைமழை, குருத்தில் தண்ணீர் நின்று அழுகல். போதாததற்குக் குளம் நிரம்பி வழியும். செடி ஓடைக்குப் போய்விடாமல் வழியும் வாய்க்குக் கொசுவலையை இரட்டையாகக் கட்டியே ஆக வேண்டும். மூணாற்று ஓடைகள் முதிரப்புழையில் சேர்ந்து பெரியாற்றுக்குப் போகின்றன. சமவெளியில் ஏற்கெனவே குளவாழையும் (வெங்காயத்தாமரைக்கு அங்கே அந்தப் பெயர்) ஆப்பிரிக்கன் பாயல் என்ற மிதவைக் களையும் படுத்தும் பாடு போதும். பாயலைத் தின்ன 1980களில் ஒரு வண்டையே வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடவேண்டியிருந்தது. பாயலை நான் குளத்துப் பக்கம் அண்டவிடுவதில்லை.

மார்ச்சில் உள்ளே இருந்த குட்டிகளை வெளியே விடும்போது முதல் வாரம் நிழல்வலை மேலேயே இருக்கட்டும். விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த இலை நேர்வெயிலில் வெளுத்துப்போகும். அதன்பிறகு வரும் புது இலைக்கு ஒன்றும் ஆகாது, மே மாதத்துக்குள் பாதிக் குளம் மூடிவிடும்.

செலவைப் பார்த்தால், இரட்டை நிழல்வலையும் சாக்கும் கொடுத்த காசுக்கு மேலே உழைத்துவிட்டன. விளக்கு அவசியம். ஹீட்டர் பரவாயில்லை ரகம்: அது இல்லாத குளிர்காலத்தில் குட்டிகள் சுருங்கிப் பாதி போயின, மீதிப் பாதி தேறியது. இப்போது இருப்பது பழுதானால் இன்னொன்று வாங்குவேனா என்று தெரியவில்லை, டப்பை அடுப்படிச் சுவரோரம் தள்ளிவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மிஞ்சும் செடியைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன், ஓடையில் கலக்காத தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.