வேர் முற்றாத பல்லில் நரம்பு செத்தால்: மூன்று சிகிச்சைகளில் எது?

மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்தாலும் அதன் வேர்நுனி மூட ஏறக்குறைய 10 வயதாகும். அதற்குள் அடிபட்டு நரம்பு செத்தால், நுனி திறந்தபடி, சுவர் மெலிந்தபடி வேர் நின்றுவிடும். வழக்கமான ரூட் கெனால் அடைப்புக்கு அங்கே பிடிமானம் இல்லை. (நரம்பு இன்னும் உயிரோடு இருந்தால் இந்த மூன்றுமே வேண்டாம், நரம்பின் மேல்பகுதியில் 2 மி.மீ. நீக்கி மூடினால் வேர் தானே வளரும்.)

பழைய முறை, வேருக்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்தை வைப்பது. மருந்து மலிவு. ஆனால் நுனியில் தடுப்பு உருவாகப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். அத்தனை காலம் உள்ளே கிடக்கும் மருந்தே சுவரை நொறுங்க வைக்கிறது. ஈறோரத்தில் பல் ஒடிகிறது. கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைனிலிருந்து நாள்கூலியை விட்டுவிட்டு ஊட்டிக்குத் திரும்பத் திரும்ப வரும் குடும்பத்துக்கு இது மலிவே அல்ல.

இரண்டாவது, எம்.டி.ஏ. (சிமென்ட் போல இறுகும் பல் மருந்து) அடைப்பு. ஒன்றிரண்டு வருகையில் முடியும். நுனியில் 4 மி.மீ. வைத்தால் போதும். ஆனால் வேர் மேலும் வளராது, இருந்தபடியே இருக்கும்.

மூன்றாவது மீளுருவாக்கம்: வேருக்குள் ரத்தம் வரவழைத்துப் புதுத் திசுவை வளரவிடுவது. இதில்தான் சுவர் தடிக்க வாய்ப்பு உண்டு. முதல் வருகையில் கிருமிநாசினியான 1.5% சோடியம் ஹைப்போகுளோரைட் 20 மி.லி.யால் 5 நிமிடம் மெதுவாகக் கழுவ வேண்டும். அதைவிடக் கடுமையானால் நுனியிலுள்ள குருத்தணுக்கள் சாகும். கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்து 1 முதல் 4 வாரம் மூட வேண்டும். ஐப்பசி மழையில் மலைப்பாதை அடைபட்டால் வருகை தள்ளிப்போகும். தற்காலிக அடைப்பு கசிந்தால் கிருமி திரும்பும். ஆகவே மேலே கிளாஸ் அயனோமர் (பல்லோடு ஒட்டும் அடைப்புப் பொருள்) அவசியம்.

இரண்டாம் வருகையில் அட்ரினலின் இல்லாத 3% மெபிவகெய்ன் மரப்பு ஊசி போட வேண்டும். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால், அது கலந்தால் ரத்தம் சரியாக வராது. பலர் சறுக்குவது இங்கேதான். 17% இ.டி.டி.ஏ. கரைசலால் கழுவி, நுனிக்கு 2 மி.மீ. அப்பால் ஃபைலை (மெல்லிய ஊசி போன்ற கருவி) விட்டு ரத்தம் வரவழைத்து, அது உறைந்ததும் பயோடென்டின் என்ற பல் சிமென்டால் மூடலாம். பிஸ்மத் கலந்த எம்.டி.ஏ. வைத்தால் பல் சாம்பல் நிறமாகும். உள்ளே வளர்வது பெரும்பாலும் சிமெண்டம் (வேரின் மேலுறை), எலும்பு போன்ற திசு. பழைய நரம்பு அல்ல.

7, 8 வயது, தாள்போன்ற சுவர் என்றால் மீளுருவாக்கத்துக்கே எங்கள் ஓட்டு. வேர் முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்திருந்தாலோ, மறுவருகைக்கு வழியில்லாத விடுதிப் பிள்ளை என்றாலோ எம்.டி.ஏ. நல்லது. 6, 12, 24ஆம் மாதங்களில் எக்ஸ்ரே எடுங்கள்; சீழ் திரும்பினால் சுத்தம் செய்து எம்.டி.ஏ.வுக்கு மாறலாம்.