மிச்சிகன்: தபால் ஓட்டா, முன்கூட்டியே நேரில் போடும் ஓட்டா?

அமெரிக்க மாநிலமான மிச்சிகனின் 13 காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதிகளிலும் இரண்டுக்கும் வழி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

செலவு: தபாலில் திருப்பி அனுப்ப ஸ்டாம்ப் வேண்டாம், அரசே கட்டிவிடுகிறது. நேரில் என்றால் போய்வரும் அலைச்சல்.

அவகாசம்: தபால் ஓட்டுச் சீட்டு 40 நாள் முன்பே கிடைக்கத் தொடங்கும், தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் கிளார்க் (உள்ளூர் தேர்தல் அலுவலர்) கையில் சேர வேண்டும். முன்கூட்டியே நேரில் போட குறைந்தது 9 நாட்கள் கிடைக்கும்.

பிழை: எனக்கு இதுதான் முக்கியம். ஆகஸ்ட் பிரைமரியில் (கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) ஒரே சீட்டில் இரு கட்சிப் பத்திகளும் இருக்கும். இரண்டிலும் குறித்தால் இரு கட்சிப் பத்திகளிலும் போட்ட ஓட்டுகள் எதுவும் செல்லாது. நேரில் போட்டால் இயந்திரம் அங்கேயே எச்சரிக்கும்; புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அப்புறம், உறையில் கையெழுத்து போட மறந்தாலும் சிக்கல்தான்.

கைக்குழந்தை, முதியவர், ஷிஃப்ட் வேலை என்றால் தபால் ஓட்டே சரி. கடைசி வாரமாகிவிட்டால் அஞ்சலை நம்பாமல் டிராப் பாக்ஸில் (ஓட்டுச் சீட்டு போடும் பெட்டி) போடுங்கள். முதல்முறை ஓட்டுப் போடும் புதுக் குடிமக்கள் நேரில் போங்கள்.