கலாநிதிப் பட்டத்துக்குத் துணை வந்த ஸொட்டேரோ

ஹட்டனில் படிப்பித்துக்கொண்டே, பேராதனைக்கு ரயிலில் போய் வந்து கலாநிதிப் பட்டத்தை முடித்தவள் நான். இரண்டாம் வருஷம் லெப்டொப் பழுதாகி, கையால் தட்டி வைத்த உசாத்துணைப் பட்டியல் முழுதும் போய்விட்டது. இரண்டு நாள் அழுதேன். அப்புறம்தான் உசாத்துணைகளைச் சேர்த்து வைக்கும் ஸொட்டேரோ (Zotero) மென்பொருளைப் போட்டேன். இலவசம். கட்டுரை இருக்கும் பக்கத்தைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் ஆசிரியர், ஆண்டு, இதழ் எல்லாம் வந்து சேரும். வேர்டில் மேற்கோள் இட்டால் பட்டியலைத் தானே அமைக்கும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும் என்பதால், நாவலப்பிட்டி தாண்டி சிக்னல் போன பிறகும் ரயிலிலேயே குறிப்பு எழுதுவேன்.

இணையத்தில் அது தரும் இலவசச் சேமிப்பு 300 எம்பிதான். பிடிஎஃப் கோப்புகளுக்கு அது காணாது. பென் டிரைவிலும் பிரதி எடுத்துவிடுங்கள். பழைய தமிழ் நூல்களின் விவரங்களை நானே தட்ட வேண்டியிருந்தது.

மாதம் தவறாமல் என் பக்கங்களைத் திருத்தித் தந்த மேற்பார்வையாளரும், ஞாயிறுதோறும் என்னோடு உட்கார்ந்து எழுதிய இரண்டு தோழிகளும் இல்லாவிட்டால் நடுவிலேயே விட்டிருப்பேன். சரி, அவர்களிடம் காட்ட எழுத்து வேண்டுமே! மேற்கோள் தேடியே கழிந்த இரவுகளை எனக்கு எழுதும் இரவுகளாக மாற்றித் தந்தது ஸொட்டேரோதான். ஆய்வு தொடங்கும் முதல் வாரமே போட்டுக்கொள்ளுங்கள்.