சிலிமரின் காப்ஸ்யூல்: டப்பாவில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

கல்லீரலை நச்சிலிருந்து காக்கும் என்று விற்கப்படும் மூலிகைச் சாறுகளில், ஓரளவாவது ஆதாரம் உள்ளது மில்க் திசில் என்ற, சூரியகாந்திக் குடும்பத்து முட்செடியின் விதைச் சாறுக்குத்தான். அதில் வேலை செய்யும் பகுதி சிலிமரின்; அதில் ஏறக்குறைய பாதி சிலிபினின். ஆனால் டப்பாவின் முன்பக்கத்தை நம்பி வாங்கினால் ஏமாந்துபோவீர்கள்.

முன்பக்கத்தில் 6000 மி.கி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திருப்பிப் பார்த்தால் 150 மி.கி. சாறு, 40:1. அந்த 6000 என்பது சாறு எடுக்கப் பயன்பட்ட விதையின் எடை. நீங்கள் தேட வேண்டியது '80% சிலிமரின்' என்ற வரியை. அது இருந்தால் காப்ஸ்யூலுக்கு 120 மி.கி. கிடைக்கிறது என்று பொருள். சதவீதமே போடாமல் 'விதைத் தூள் 500 மி.கி.' என்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதில் 15 மி.கி. தேறினாலே அதிகம்.

அடுத்த சிக்கல் கரைதிறன். காப்ஸ்யூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுங்கள்: மஞ்சள் கலந்த பழுப்புத் தூள் எவ்வளவு கலக்கினாலும் சரியாகக் கரையாது. குடலிலும் இதேதான் நடக்கிறது, பெரும்பகுதி உடலில் சேராமலே போய்விடும். பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற கொழுப்புப் பொருளுடன் பிணைத்த வகை நன்றாகவே உட்கிரகிக்கப்படுகிறது. விலை கூடினாலும் அதைத்தான் பரிந்துரைப்போம். அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சிலிபினின் என்பதால், சாதாரண வகையின் மி.கி.யோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. இரத்தத்தில் சில மணி நேரமே தங்குவதால், சாதாரண வகையை 140 மி.கி. வீதம் மூன்று வேளை, உணவோடு எடுப்பதே வழக்கம்.

சரி, காக்கிறதா? அமனிடா ஃபலாய்ட்ஸ் என்ற விஷக்காளான் விஷயத்தில் நம்பத்தக்க பயன் உண்டு. அந்த நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வழியைச் சிலிபினின் அடைக்கிறது. ஆனால் அங்கே கொடுப்பது நரம்பு வழி ஊசி, கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி.; மருத்துவமனை சிகிச்சை அது, காப்ஸ்யூல் அதற்கு ஈடாகாது. பாராசிட்டமால் அளவு மீறினால் முறிமருந்து என்-அசிட்டைல்சிஸ்டீன்தான். மூலிகையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு 700 மி.கி. வரை மூன்று வேளை கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வில், கல்லீரல் சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. நொதியின் அளவு குறையவில்லை.

எலி ஆய்வுகளைக் காட்டி விற்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சாறு எப்போது கொடுக்கப்பட்டது? பெரும்பாலும் நஞ்சுக்கு முன்பே. இந்த ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுக்கும் நஞ்சான கார்பன் டெட்ராகுளோரைடு, கல்லீரலின் சைட்டோகுரோம் நொதி அதை மாற்றிய பிறகுதான் தாக்குகிறது. சாறு அந்த நொதியைத் தடுத்தாலே போதும், ஏ.எல்.டி. கூடாமல் நன்றாகவே தெரியும். ஏற்கெனவே நடந்த சேதம் ஆறியதற்கு அது சான்றாகாது.

டப்பாவில் போடும் 'மூளைக் காப்பு' என்ற வாசகத்துக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம். எலிகளில் பலன் தெரிந்தது உண்மை. மனிதருக்கோ, வாயால் விழுங்குவதில் இரத்தத்தில் சேர்வதே சொற்பம். அதிலும் இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டிப் போதுமான அளவு மூளைக்குப் போகிறது என்று யாரும் காட்டியதில்லை.

மில்க் திசில் தயாரிப்புகளில் பூஞ்சை நச்சுகள் அதிகம் கண்டறியப்பட்டிருக்கின்றன. ஆகவே தனி ஆய்வகத்தின் பூஞ்சை நச்சுச் சோதனை அறிக்கை தராத தயாரிப்பு வேண்டாம். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.